தெருவிலேயே சுத்தமான வீடு

காற்றை அளக்கும் பெட்டியை வைக்க அந்த வரிசையில் அவள் வீட்டு மொட்டைமாடியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் அந்த வீடு என்று மைக் அக்கா கேட்டாள். பெட்டியோடு வந்தவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "இங்கதாங்க கால் வைக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

"அப்போ எங்க மாடியெல்லாம் என்ன, குப்பைமேடா?"

மைக் அக்கா அடுத்த வீடு. அவள் ரகசியம் பேசினாலே வரிசையின் கடைசி வீடு வரை கேட்கும் என்பதால் அந்தப் பெயர். கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். "உண்மையைச் சொல்லணும்ல. பிட்டர் வீட்டம்மா மாடியில சோத்தைக் கொட்டி அள்ளித் திங்கலாம்."

அந்தப் பேச்சு பிட்டர் வீட்டம்மாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பாத்திரம் தேய்க்கும்போதும் துணி அலசும்போதும் அதை வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டாள். யாரும் அவளை எதற்காகவும் தேர்ந்தெடுத்ததில்லை. கணவன்கூட, அவன் அக்கா பார்த்துச் சொன்ன பெண் என்பதால் கட்டிக்கொண்டவன்தான்.

அனல்மின் நிலையத்துக்கும் அதன் சாம்பல் குட்டைக்கும் நடுவில் இருந்தது அந்த வரிசை. முன்வாசலில் நின்றால் புகைபோக்கி. பின்வாசலில் நின்றால் குட்டை. நிலக்கரியை எரித்து மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக அங்கே கொண்டுவந்து விடுவார்கள். மழைக்காலத்தில் அது சேறாகக் கிடக்கும், யாருக்கும் தொந்தரவு இல்லை. வெயில் காலத்தில் வெடித்துக் காயும். மேலக்காற்று கிளம்பினால் அந்தப் பக்கத்து வானமே எழுந்து நடந்து வருவதுபோல வரும். மண்ணாக இருந்தால் பல்லில் நறநறவென்றாவது தெரியும். இது மாவு. மூடிய டப்பாவின் மூடிக்குள்ளும் இருக்கும். மடித்து வைத்த துணியின் மடிப்புக்குள்ளும் இருக்கும். தூங்கி எழுந்தால் தலையணையில் தலை வைத்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும்.

மகள் பாப்பாவுக்கு முதன்முதலில் மூச்சு இழுத்தபோது டாக்டரிடம் போனார்கள். அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு அவளைத்தான் நிமிர்ந்து பார்த்தார். "வீட்டைச் சுத்தமா வச்சிருக்கீங்களாம்மா? குழந்தைக்குத் தூசி ஆகாது."

டாக்டரின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தது. ஜன்னலில் புகைபோக்கி இருந்தது. பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் இருந்தான், நிலக்கரி ஏறிப்போகும் பெல்ட்டில் ஒப்பந்தத்துக்கு பிட்டர் வேலை பார்க்கிறவன். டாக்டர் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேள்வி அவளுக்கு மட்டும்தான்.

அன்றிலிருந்து அவள் துடைக்க ஆரம்பித்தாள். விடிந்ததும் ஜன்னல் கம்பிகள், பிறகு தரை, பிறகு அலமாரி, பிறகு மறுபடியும் தரை. மாடியைக் கழுவிவிட்டாள், ஏனென்றால் மாடியில் கிடப்பதுதான் மறுநாள் கீழே இறங்கி வரும். காற்று வீசும் நாட்களில் ஜன்னலுக்கெல்லாம் நனைத்த துணி கட்டித் தொங்கவிடும் யோசனை அவளுடையதுதான். பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து, தண்ணீரில் முக்கிப் பிழிந்து கட்டினாள். சாயங்காலம் அவிழ்க்கும்போது துணி சாம்பல் நிறத்தில் கனமாக இருக்கும். அன்றைக்குப் பாப்பா கொஞ்சம் குறைவாக இருமுவாள். குறைந்த ஒவ்வொரு இருமலையும் அவள் தன் கைவேலையாக எண்ணிக்கொண்டாள். கூடிய ஒவ்வொரு இருமலையும் அப்படியே.

ஒரு ஊரையே எழுப்பி வரும் காற்றை ஒரு பொம்பளை துணியால் துடைத்துத் தீர்க்க முடியாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் தெரிந்ததை ஒப்புக்கொண்டுவிட்டால் கைக்கு வேலை இல்லாமல் போய்விடும். கை சும்மா இருந்தால் பயம் வரும். அதனால் துடைத்தாள்.

வரிசை மொத்தமும் சேர்ந்து பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டு நிலம் சும்மா கிடக்கிறது, அங்கே நிலையத்தின் செலவில் எங்களுக்கு வீடு கட்டிக் கொடுங்கள். கடைசியில் மாசு ஆய்வு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து பேசி முடித்தார். ஒரு வருடம் காற்றை அளப்போம். அளவு வரம்பை மீறினால் வீடு மாற்றிக் கொடுப்பது நிலையத்தின் பொறுப்பு. மீறாவிட்டால் இனி அந்தப் பேச்சு இல்லை. எல்லோரும் சம்மதித்தார்கள். அளந்தால் மீறும் என்பதில் யாருக்கு என்ன சந்தேகம்?

பாப்பாவை மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. அங்கே ஒருமுறை போய் நின்று பார்த்தாள். காற்று எதிர்த் திசைக்குப் போனது. ஒரு செடியின் இலையைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

பெட்டி வந்தது. இடுப்பளவு உயரம், மேலே கூரை மாதிரி ஒரு தகடு, உள்ளே எதையோ உறிஞ்சிக்கொண்டே இருக்கும் சத்தம். அதைப் பார்த்துக்கொள்ள நிலையம் அமர்த்திய ஆள் வாரத்துக்கு ஓரிரு தடவை வந்து, உள்ளிருந்து ஒரு வட்டக் காகிதத்தை எடுத்துவிட்டு வேறு வைத்துவிட்டுப் போவார். வரிசை அவருக்குக் காத்துக்காரர் என்று பெயர் வைத்தது.

"என்ன காத்துக்காரரே, இன்னைக்குக் காத்து கிலோ என்ன வெலை?" என்று மைக் அக்கா தன் வாசலிலிருந்தே கேட்பாள்.

"உங்களுக்குன்னா சும்மாவே தரேன்க்கா. பாத்திரம் கொண்டுவாங்க."

"அய்யோ சாமி, இருக்கிறதே மூச்சு முட்டுது."

முதல் மேலக்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் அவர் வந்தபோது பெட்டியின் தலையெல்லாம் சாம்பல். தகட்டைத் தூக்கி ஊதிவிட்டு, படியிறங்கும்போது அவளிடம் சொன்னார்: "இதுமேலயும் ஒரு கண்ணு வச்சுக்கோங்கம்மா. ரொம்ப வெலை. கண்டதும் உள்ள போயிடக் கூடாது."

அவர் குருவிக்கூட்டையோ, பிள்ளைகள் எறியும் பந்தையோ நினைத்துச் சொல்லியிருக்கலாம். அவளுக்கோ அது டாக்டரின் கேள்வி மாதிரியே கேட்டது. கால் வைக்கிற மாதிரி இருக்கிற வீட்டில், நம்பி வைத்துவிட்டுப் போன பொருளில் இவ்வளவு சாம்பல். உடம்பெல்லாம் கூசியது.

அடுத்த தடவை குட்டைப் பக்கம் வானம் வெளுத்தபோது அவள் முதலில் பாப்பாவின் ஜன்னலுக்குக் கட்டினாள், பிறகு மற்ற ஜன்னல்களுக்கு, பிறகு மிச்சமிருந்த துணியை நனைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்த இடைவெளியைச் சுற்றிக் கட்டினாள். கணவன் வேலைக்குப் போகும் நேரம். கீழே இருந்து பார்த்துவிட்டு, "அதுக்கு எதுக்கு?" என்றான்.

"சாம்பல் உள்ள போகுதுல்ல."

"அது காத்தை அளக்கிறதாச்சே."

"காத்து துணி வழியாப் போகத்தானே செய்யும். நம்ம ஜன்னல்ல போகலையா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். அவள் சொன்னது சரிதான் என்று அவனுக்கும் பட்டது. அவர்களுக்குக் காற்று வேறு, சாம்பல் வேறு. காற்று எல்லோருக்கும் பொது, அது எங்கிருந்தோ வருகிறது. சாம்பல் நிலையத்துடையது. காற்றை அளக்க வந்த பெட்டிக்குச் சாம்பலால் கெடுதல் வரக்கூடாது என்று அவள் நினைத்ததில் அந்த வீட்டில் யாருக்கும் தவறு தெரியவில்லை.

அந்த வருடம் முழுக்க, காற்று எழுந்தபோதெல்லாம் கட்டினாள். காத்துக்காரர் வரும் நாளில் விருந்தாளி வருவதற்கு முன் கொடித் துணியை எடுத்துவிடுகிற மாதிரி அவிழ்த்துவிடுவாள். ஒரு நாள் அவர் சீக்கிரம் வந்துவிட்டார். துணி கட்டியபடியே இருந்தது. அவள் வெட்கப்பட்டுக்கொண்டு அவிழ்த்தாள். அவர் துணியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, "நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

வருடம் முடிந்து கூட்டம் போட்டார்கள். நிலையத்தின் உணவுக்கூடத்தில் மேசைகளை ஒதுக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். வரிசை மொத்தமும் வந்திருந்தது. மைக் அக்கா நல்ல துணி உடுத்தி, மேட்டு நிலத்தில் எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்று பக்கத்தில் இருந்தவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் நிலையத்து மேலாளர்கள், கடைசியில் காத்துக்காரர். பெண் அதிகாரி நடுவில்.

அதிகாரி கெட்டவர் இல்லை. சுற்றி வளைக்காமல் சொன்னார். "வருஷம் முழுக்கப் பார்த்துட்டோம். ஆரம்பத்துல ஒரே ஒரு தடவை தாண்டுச்சு, ஒரு தடவை கணக்குல வராது. அப்புறம் ஒரு நாள்கூட வரம்பைத் தாண்டல."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு மைக் அக்கா எழுந்தாள். "அப்போ என் கொடியில காயுற துணியெல்லாம் பொய் சொல்லுதா?"

"அம்மா, மெஷின்ல வந்ததைத்தான் நான் சொல்றேன்."

"உங்க மெஷினை எங்க வீட்டுக்கு ஒருநாள் சாப்பிட வரச் சொல்லுங்க. தட்டுல உப்பு போடவே வேணாம், குட்டை போட்டுடும்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அதிகாரியும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "எனக்கே ஒண்ணு ஆச்சரியமா இருந்தது. காத்து பலமா அடிச்ச நாள்லதான் ரொம்பக் கம்மியா வந்திருக்கு. மத்த நாளைவிட."

மறுபடி சிரித்தார்கள், இந்த முறை கசப்பாக. "காத்து அடிச்சா தூசி பயந்து ஓடிடுது போல" என்றான் ஒருவன்.

அவள் சிரிக்கவில்லை. அவள் கை மடியில் இருந்தது. அந்தக் கை துணியைப் பிழிகிற மாதிரி தன்னாலேயே ஒருமுறை முறுக்கிக்கொண்டது. காத்து அடிச்ச நாள்ல. முதலில் பாப்பா ஜன்னல், பிறகு மற்ற ஜன்னல், பிறகு மாடி. அவளுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. காற்று வேறு, சாம்பல் வேறு இல்லை. பெட்டி கேட்டுக்கொண்டிருந்தது சாம்பலைத்தான். கேட்டபோதெல்லாம் அவள் அதன் வாயைக் கட்டியிருக்கிறாள்.

பேசாமல் இருந்துவிடலாம். பேசாமல் இருந்தால் வரிசை தோற்கும், ஆனால் எதனால் தோற்றது என்று யாருக்கும் தெரியாது. அவள் எழுந்துவிட்டாள்.

"நான் துணி கட்டினேன்" என்றாள்.

மைக் அக்கா மாதிரிக் குரல் இல்லை அவளுக்கு. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. நனைத்த துணி, காற்று எழும் நாட்கள், அவிழ்த்தது, எல்லாவற்றையும் சொன்னாள்.

அதிகாரி பேனாவை மூடினார். "யார் கட்டச் சொன்னது?"

அவள் பதில் சொல்வதற்கு முன், கூடத்தில் இருந்த எல்லாருடைய முகமும் அவள் பக்கம் திரும்பியது. அந்த முகங்கள் என்ன கேட்கின்றன என்று அவளுக்குத் தெரிந்தது. அதிகாரியே இன்னும் மெதுவாக, எடுத்துக்கொடுக்கிற மாதிரி கேட்டார்: "நிலையத்துல இருந்து யாராவது சொன்னாங்களா? சொல்லியிருந்தா இந்த அளவே செல்லாது. அப்புறம் உங்க கோரிக்கையை நான் வேற மாதிரி எழுத முடியும்."

காத்துக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டதும் உள்ள போயிடக் கூடாது என்று அவர் சொன்னது அவள் நாக்கு நுனியில் இருந்தது. அதை மட்டும் சொன்னால் போதும். பொய்கூட இல்லை. அவர் சொன்ன வார்த்தைதான். அது போய் விழும் இடத்தில் விழுந்து, மேட்டு நிலத்தில் வீடாக எழும். பாப்பா அங்கே ஓடுவாள்.

"யாரும் சொல்லலங்க. நானாத்தான் கட்டினேன்."

ஏன் அப்படிச் சொன்னாள்? பிறகு எத்தனையோ தடவை அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். உண்மை பேச வேண்டும் என்பதற்காகவா? அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. ஆனால் அவள் மனதைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் அடியில் வேறொன்று கிடந்தது. அவர் சொல்லிக் கட்டினாள் என்றால் அது அவர் வேலை. தானாகக் கட்டினாள் என்றால் அது அவள் சுத்தம். அத்தனை பேர் நடுவில், குழந்தையின் மூச்சு தொங்கிக்கொண்டிருந்த அந்த நிமிஷத்தில்கூட, யாரோ சொல்லித்தான் சுத்தம் பார்த்தாள் என்று தன் மேல் ஒரு கறை விழாமல் இருக்க வேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாருக்குப் புரியும்?

முடிவை அதிகாரி அங்கேயே சொன்னார். குடியிருப்பவர்களே கருவியைக் கெடுத்ததால் இந்த அளவு செல்லாது. நிலையத்தின் மேல் தவறு இல்லை. வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்கலாம், அனுமதி வந்தபின் வேறு வீட்டில் வைத்து முதலிலிருந்து ஒரு வருடம் அளக்கலாம். மேலாளர்களில் ஒருவர் தண்ணீர் குடித்தார். கூட்டம் கலைந்தது.

வெளியே வந்ததும் மைக் அக்கா அவளிடம் ஒன்றும் பேசவில்லை. அவளைத் தாண்டி, பின்னால் வந்தவளிடம் பேசினாள், வழக்கமான குரலில்.

"ஊரே சாம்பல் திங்குது, இவளுக்கு மட்டும் மாடி பளபளன்னு இருக்கணும். மகாராணி. நிலையத்துக்காரன் காசு கொடுத்து ஆள் வச்சிருந்தாக்கூட இவ்வளவு நல்லா வேலை பார்த்திருக்க மாட்டான்."

அவள் நின்று திரும்பினாள். "அக்கா, என் புள்ளைக்குத்தானே முதல்ல மூச்சு முட்டுது."

"உன் புள்ளைக்கு மட்டுமா? என் வீட்டுக்காரரு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவரு என்ன பாட்டா பாடுறாரு?"

அன்றிலிருந்து தெருக்குழாயில் அவள் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் கொஞ்சம் நகர்ந்து நின்றன. நிலையத்தை யாரும் திட்டவில்லை. நிலையம் பெரியது, தூரமானது, சம்பளம் கொடுப்பது. திட்டுவதற்கு அவள் பக்கத்தில் இருந்தாள்.

காத்துக்காரர் பெட்டியை எடுத்துப்போக வந்தார். கயிறு கட்டி இறக்கி முடித்தார். வாசலில் நின்று, செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கு நீங்க என்னை இழுத்து விட்டிருக்கலாம்மா. விடல. அதனால சொல்றேன். துணியைப் பார்த்த அன்னைக்கே நான் மேல போய்ச் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"'அவங்க மாடி, அவங்க துணி. நாமளா கட்டச் சொன்னோம்? உன் வேலை காகிதம் மாத்துறது, மாத்திட்டு வா'ன்னாங்க."

அவர் போன பிறகும் அவள் வாசலிலேயே நின்றாள். அவர்கள் அவளை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. எரிப்பது அவர்கள் வேலை, துடைப்பது அவள் வேலை என்று ஒரு ஏற்பாடு ஏற்கனவே இருந்தது. பேசி முடிக்காத, கூலி இல்லாத ஏற்பாடு. அவர்கள் காத்திருந்தால் மட்டும் போதும், அவள் நன்றாகச் செய்வாள்.

கணவன் இரண்டில் ஒன்றைக் கேட்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். ஏன் துணி கட்டினாய், அல்லது ஏன் வாயைத் திறந்தாய். அவன் இரண்டையும் கேட்கவில்லை. பாப்பாவுக்கு மறுபடி இழுத்து, இன்ஹேலர் வைத்தும் அடங்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய அன்று, சாப்பிட்ட தட்டில் கை காய்ந்துபோகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "அக்காகிட்ட பேசிட்டேன்" என்றான்.

"எவ்வளவு நாளைக்கு?"

"அங்கேயே ஸ்கூல்ல சேத்துக்கிறேன்னு சொல்றா."

அவன் அக்கா தூரத்து நகரத்தில் இருந்தாள். பிள்ளைகள் இல்லாதவள். நல்லவள்தான், நன்றாகப் பார்த்துக்கொள்வாள். அந்த நல்லதனத்தில் குறை கண்டுபிடிக்க முடியாதது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

பள்ளிக்கூட விடுமுறையில் அவள் பார்க்கப் போனாள். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. கிளம்பும் முன் தலைக்குக் குளித்து, இருப்பதில் வெளுப்பான உடையை உதறி உடுத்திக்கொண்டு பஸ் ஏறினாள். நாத்தனார் வீடு மாடிக் கட்டடத்தில் மேலே இருந்தது. லிப்டுக்குள் விளக்கு, நடைவழியெல்லாம் பகலிலேயே விளக்கு. கதவு திறந்ததும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. ஜன்னலெல்லாம் கண்ணாடி போட்டு மூடியிருந்தது. உள்ளே மெஷின் ஓடுவதே தெரியாமல் ஓடியது. ஒரு மேசையின் மேல் அவள் கை தன்னாலேயே போனது. விரலைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. யாரும் துடைத்த மாதிரியும் தெரியவில்லை. இந்த வீட்டில் சுத்தம் என்பது ஒரு வேலையே இல்லை.

"வா வா, பஸ்ல ரொம்பக் கூட்டமா?" என்றாள் நாத்தனார். "பாப்பா உள்ள படம் பார்க்கிறா. நீ ஒண்ணு பண்ணும்மா, முதல்ல குளிச்சிட்டு வந்துடு. தப்பா நினைக்காத. துணியில அது இருக்கும்ல, அவளுக்கு ஆகாது. போட்டிருக்கிறதை இந்தப் பையில போட்டுக் கட்டி வச்சிடு. என் துணி எடுத்துத் தரேன்."

"காலையில குளிச்சிட்டுத்தான் அண்ணி வந்தேன்."

"தெரியும்மா. இருந்தாலும்."

குளித்தாள். தலையை அலசிய தண்ணீர் வெள்ளைத் தரையில் மங்கலாக ஓடியது. அவள் குனிந்து, அது தெளியும்வரை காத்திருந்தாள். தெளிய நேரமாயிற்று. நாத்தனாரின் தொளதொள உடையைப் போட்டுக்கொண்டு, துணிகள் கட்டிய பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்தபடி அறை வாசலில் நின்றாள்.

பாப்பா சதை போட்டிருந்தாள். கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு டிவி பார்த்தாள். தெருவில் ஓடும்போது பாதியில் நின்று இடுப்பில் கை வைத்துக் குனிவாளே, அந்தக் குனிவு உடம்பிலிருந்து போயிருந்தது.

"அம்மா!"

ஓடி வந்தவள் ஒரு அடி தூரத்தில் நின்றுவிட்டாள். "குளிச்சிட்டியா?"

"குளிச்சிட்டேன்."

அப்புறம்தான் கட்டிக்கொண்டாள். முகத்தை வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் பையைக் கீழே நழுவவிட்டு இரண்டு கையாலும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். முதுகில் கையை வைத்து, எலும்புகளுக்கு நடுவே பழைய இரைச்சலைத் தேடினாள்.

பாப்பா தலையை நிமிர்த்தினாள். முகம் மாறியிருந்தது. "என்னைக் கூட்டிட்டுப் போகவா வந்திருக்க?"

அந்தக் குரலில் இருந்தது பயம் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. பாப்பா அதை மறைக்கக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை.

"இல்லடா. சும்மா பார்க்கத்தான். நாளைக்குப் போயிடுவேன்."

"சரி" என்றாள் பாப்பா. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டாள், ஒரு சத்தமும் இல்லாமல். பிறகு அம்மாவின் கையை விட்டுவிட்டு, படம் முடிவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று கட்டிலுக்கு ஓடினாள்.